ஐந்து லிட்டர் குக்கர்: முத்திரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது

வாயின் குறுக்களவு 20 செ.மீ. உள்ள ஒரு குக்கர் விசில் அடிக்கும்போது, அதன் மூடியை மேலே தள்ளும் விசை சுமார் 314 கிலோ. கணக்கு எளிது. வாயின் பரப்பு 314 சதுர செ.மீ.; நம் வீட்டுக் குக்கர்கள் வேலை செய்வது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தில். மூடி வெளியே பூட்டும் வகையில் அத்தனை விசையையும் தாங்கி நிற்பவை மூடி விளிம்பில் உள்ள சில பற்கள்தான். சமையலறையில் தினமும் கைபடும் பாத்திரங்களில் இவ்வளவு விசையை அடக்கி வைத்திருப்பது வேறு எதுவும் இல்லை. அதனால்தான் குக்கரை மற்றப் பாத்திரங்களைப் போல நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்கக் கூடாது.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குப் பொதுவாக வாங்குவது ஐந்து லிட்டர். கடையில் அந்த அளவில் மூன்று வகை கிடைக்கிறது: வெளிமூடி அலுமினியம் (மூடி வாயின் மேல் வெளியே பூட்டும்), உள்மூடி அலுமினியம் (மூடி வாய்க்குள் நுழைந்து பூட்டும்), எவர்சில்வர். அலுமினியம் இரண்டிலும் ஹார்டு அனோடைஸ்டு, அதாவது கடினமான மேல்படலம் ஏற்றிய வகையும் உண்டு. எது எத்தனை வருடம் உழைக்கும், எங்கே முதலில் பழுதாகும் என்பதை வைத்துத்தான் இங்கே மூன்றையும் எடை போடுகிறோம்.

முதலில் முத்திரை. வீட்டு உபயோகக் குக்கருக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2347. இந்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். முத்திரைக்கு மேலே ‘ஐ.எஸ். 2347’ என்றும், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். உரிம எண் இல்லாத வெறும் ஐ.எஸ்.ஐ. படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டிவிடலாம். பெட்டியில் இருப்பதை மட்டும் நம்பாமல், குக்கரின் உடம்பிலேயே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் இருந்தாலும் அது உண்மையான எண்ணா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் என்ற இலவசச் செயலியில் உரிம எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், ஆலை முகவரி, எந்தத் தர எண்ணுக்கான உரிமம், இப்போது நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் வரும். வேறு ஏதோ பொருளுக்கான உரிம எண்ணைக் குக்கரில் பொறித்திருந்தால் இங்கே பிடிபட்டுவிடும். இணையத்தில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய இணைய விற்பனைத் தளங்கள் மீது தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தர ஆணைக்கு ஒத்துவராத குக்கர்களை ஒரு தளம் 2,265-உம் மற்றொன்று 598-உம் விற்றிருந்தன. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கச் சொன்னது ஆணையம். பெரிய தளத்தில் விற்கிறார்கள் என்பதே ஓர் உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த முத்திரையின் பின்னால் என்ன நடக்கிறது? குக்கர் உடம்பும் மூடியும் வேலை அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிக அழுத்தம் தாங்குகின்றனவா, வெயிட் சரியான அழுத்தத்தில் தூக்குகிறதா, சேஃப்டி வால்வ் உரிய நேரத்தில் திறக்கிறதா, உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியாமல் இருக்கிறதா, கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வெடிக்கும்வரை அழுத்தம் ஏற்றும் சோதனையைக் காற்றால் செய்ய மாட்டார்கள், தண்ணீரால்தான் செய்வார்கள். தண்ணீர் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பாத்திரம் பிளந்தாலும் சட்டென்று அழுத்தம் இறங்கிவிடும், சிதறாது. கேஸ்கட்டுக்கென்று தனியாக ஐ.எஸ். 7466 என்ற தரமே இருக்கிறது.

இந்தச் சோதனைகள் எல்லாமே உயிரைக் காப்பதற்கானவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடி எப்போது உப்பும், கைப்பிடி எப்போது ஆடும், உள்பக்கம் எப்போது புள்ளி புள்ளியாக அரிக்கும் என்று எந்த முத்திரையும் சொல்வதில்லை. முத்திரை உள்ள இரண்டு குக்கர்களில் ஒன்று மூன்று வருடத்தில் மூலைக்குப் போகலாம், மற்றொன்று இருபது வருடம் ஓடலாம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது வாங்குபவர் வேலை.

வெயிட்டில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் தவறு செய்வது அங்கேதான். வெயிட் உட்காரும் ஆவிக் குழாயின் துளை 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 0.07 சதுர செ.மீ. ஒரு கிலோ அழுத்தத்தில் ஆவியை வெளியேறவிடாமல் அடக்க 70 கிராம் வெயிட் வேண்டும். அதே 70 கிராம் வெயிட்டை 2.5 மி.மீ. துளை உள்ள வேறு குக்கரில் வைத்தால் அழுத்தம் 1.4 கிலோவைத் தொட்ட பிறகுதான் தூக்கும். 3.5 மி.மீ. துளையில் வைத்தால் 0.73 கிலோவிலேயே ஆவியை விட்டுவிடும், பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அரை மி.மீ. வித்தியாசம் செய்கிற வேலை இது. வெயிட் தொலைந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ‘பொருந்துகிற’ வெயிட்டை வாங்கி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். வேறு கம்பெனி வெயிட்டை ஒருபோதும் போடாதீர்கள்.

ஒரு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். ஊட்டி போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் உள்ளே வெப்பம் சுமார் 116 டிகிரிதான் வரும். அங்கே பருப்புக்குக் கூடுதல் நேரம் பிடித்தால் அது குக்கரின் குறை அல்ல.

சேஃப்டி வால்வின் நடுவில் இருப்பது குறைந்த வெப்பத்திலேயே உருகும் ஓர் உலோகக் கலவை. தண்ணீர் வற்றி மூடி சூடேறினாலும் உருகும்; ஆவிக் குழாய் அடைத்து அழுத்தம் ஏறினாலும் உருகும். அழுத்தம் ஏறினால் ஆவியின் சூடும் சேர்ந்தே ஏறும், 2 கிலோவில் சுமார் 133 டிகிரி. எனவே வால்வ் ‘போய்விட்டது’ என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் குறைவாக வைத்தோமா, குழாயில் பருப்புத் தோல் அடைத்ததா என்று பார்த்துவிட்டு, அதே கம்பெனி வால்வை மாற்ற வேண்டும். எம்-சீல் வைத்து அடைப்பது, ஈயம் ஊற்றிக் கொடுப்பது, இரும்பு போல்ட்டை முறுக்கிவிடுவது எல்லாம் இன்னும் சில ரிப்பேர் கடைகளில் நடக்கிறது. அப்படி அடைத்த குக்கரில் ஆவிக் குழாய் ஒருமுறை அடைத்தால் அழுத்தம் வெளியேற வழியே இருக்காது.

வெளிமூடி வகைகள் பலவற்றில் மூடி விளிம்பில் ஒரு நீள்துளை இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கட் அந்தத் துளை வழியே பிதுங்கி ஆவியை வெளியே விடும். இந்த ஏற்பாடு அதற்கென்று அளவு பார்த்துச் செய்த கேஸ்கட் இருந்தால்தான் வேலை செய்யும். தடிமன் கூடிய, விறைப்பான போலி கேஸ்கட் பிதுங்காது. விலை குறைவு என்று வாங்கும் ஒரு ரப்பர் வளையம் குக்கரின் ஒரு பாதுகாப்பையே நீக்கிவிடுகிறது.

கேஸ்கட்டின் ஆயுள் நம் கையில் இருக்கிறது. எண்ணெயும் சூடும் சேர்ந்து ரப்பரைக் கடினமாக்கும். சமைத்து முடித்ததும் கழற்றி, சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, தனியாக வைக்க வேண்டும். மூடியோடு பூட்டி வைத்தால் அழுந்தியபடியே இருந்து வடிவம் இழக்கும். பரிசோதிக்க, கேஸ்கட்டை விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். மூடியில் போட்டால் தளர்ந்து தொங்கினால் அது நீண்டுவிட்டது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பார்கள். குளிரில் சற்று இறுகி அன்றைக்கு ஆவி நிற்கும், ரப்பர் புதிதாகாது.

இனி உடம்பு. சாதாரண அலுமினியம் லேசானது, விலை குறைவு, சூடு சீராகப் பரவும். அரிசியையும் பருப்பையும் அடுக்குப் பாத்திரத்தில் வைத்து வேகவைக்கிற வீட்டுக்கு இது போதுமானது. போர்வெல் தண்ணீரில் உள்பக்கம் கறுக்கும். அடியில் ஊற்றும் தண்ணீரில் சிறு துண்டு எலுமிச்சைத் தோலோ, ஒரு சுளை புளியோ போட்டால் கறுப்பு ஏறாது. ஆனால் நேரடியாகப் புளிக்குழம்பு வைப்பதும், உப்புப் போட்ட சாம்பாரை இரவு முழுக்க அதிலேயே விடுவதும் கூடாது. உப்பும் புளிப்பும் அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். ஒருமுறை குழி விழுந்தால் அதே இடத்தில் ஆழமாகிக்கொண்டே போகும். ஹார்டு அனோடைஸ்டில் மேல்படலம் கடினமான ஆக்சைடு என்பதால் புளிப்பு தாங்கும். அதை அரிப்பது சோடா உப்பு போன்ற காரப் பொருள்தான், மிளகாய்க் காரம் அல்ல. சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பதும் டிஷ்வாஷரில் போடுவதும் அந்தப் படலத்தைக் கெடுத்துவிடும்.

அலுமினியக் குக்கர்களில் அதிகம் நடக்கும் பழுது அடி உப்புவது. மெல்லிய அடி, தண்ணீர் வற்றிய நிலையில் தீயில் இருந்தாலோ, காய்ந்த சூட்டோடு குழாயடியில் காட்டப்பட்டாலோ, வெளிப்பக்கம் பிதுங்கும். அதன்பின் அடுப்பில் ஆடும், இண்டக்‌ஷனுக்கான அடி உள்ளதாக இருந்தாலும் அதில் சூடு சரியாக ஏறாது. அடியின் கனம்தான் இதற்கு மருந்து. கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம் என்பதால் எடையைப் பாருங்கள். ஒரே வகை, ஒரே கொள்ளளவில் இரண்டு குக்கரைத் தராசில் வைத்துக் கனமானதை எடுங்கள். ஐந்து லிட்டரில் இருநூறு முந்நூறு கிராம் வித்தியாசம் இருந்தால் அதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

எவர்சில்வரின் சிக்கல் வேறு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அது சூட்டைக் கடத்துவது பதினைந்தில் ஒரு பங்கு மட்டுமே. அதனால் அடியில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தட்டு வைத்து ஒட்டுகிறார்கள். தீ அந்தத் தட்டின் விளிம்பைத் தாண்டி எரிந்தால், தட்டுக்குச் சற்று மேலே சுவரில் வளையமாக அடிப்பிடிக்கும். வெறும் குக்கராகச் சூடேறினால் தட்டு விட்டுப்போகும். விட்டுப்போனதை மீண்டும் ஒட்ட முடியாது. உடம்பு முழுவதும் மூன்றடுக்காகச் செய்த ட்ரைப்ளை வகையில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு, விலை கூடுதல். கடையில் காந்தம் வைத்து ‘இது 304 எவர்சில்வர்’ (நிக்கல் கூடிய உயர்ந்த கிரேடு) என்று காட்டினால் நம்பாதீர்கள். 304-உம் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, நிக்கல் குறைந்த மலிவான 202-உம் ஒட்டாது. இரண்டையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. உடம்பிலோ விவரத் தாளிலோ கிரேடு எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளிமூடியா உள்மூடியா என்ற கேள்விக்குப் பாதுகாப்பை மட்டும் பார்த்தால் உள்மூடிக்கே என் ஓட்டு. ஹாக்கின்ஸ் வகை உள்மூடியில் ஆவியே மூடியைக் கீழிருந்து மேலாக வாயோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் இறங்காமல் மூடியைக் கீழே தள்ளித் திறக்க யாராலும் முடியாது. சற்று வயதான கேஸ்கட்டில்கூட ஆவி ஒழுகுவது குறைவு. வாய் சிறியது என்பதுதான் குறை. அகலமான அடுக்குப் பாத்திரம் உள்ளே போகாது, மூடியைச் சாய்த்து நுழைக்கக் கைப்பழக்கம் வேண்டும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குச் சிரமம். பிரெஸ்டீஜ் வகை வெளிமூடியில் அடுக்குப் பாத்திரம் தாராளமாகப் போகும், கழுவுவது சுலபம். ஆனால் பற்கள் தேய்வதையும் கேஸ்கட்டையும் நாம்தான் கண்காணிக்க வேண்டும்.

கைப்பிடி பேக்கலைட் என்ற கடினப் பிளாஸ்டிக், உருகாது, தீ ஏறினால் கருகி நொறுங்கும். திருகு தளர்ந்தால் அன்றே முறுக்குங்கள்.

கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். வெறும் குக்கரைக் கண்ணாடி மேசையில் வைத்து விளிம்பை மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் வேறு எடுங்கள். அடி உள்பக்கம் இம்மியளவு குழிந்திருப்பது நல்லதுதான், சூட்டில் சமமாகிவிடும். கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு வெளிமூடியைப் பூட்டிப் பாருங்கள்: எல்லாப் பற்களும் ஒரே இடைவெளியில் உட்கார வேண்டும், ஒரு பக்கம் தூக்கலாக நிற்கக் கூடாது. கேஸ்கட்டோடு பூட்டும்போது சற்று இறுக்கம் இருக்க வேண்டும், இரண்டு கைப்பிடிகளும் நேர்க்கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஆவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா பாருங்கள். வாயின் விளிம்பில் விரலை ஓட்டினால் நெளிவோ சொட்டையோ தட்டக் கூடாது. விளிம்பில் சொட்டை விழுந்த குக்கரை எந்தக் கேஸ்கட்டும் காப்பாற்றாது. அப்படியே ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி ஐந்து வருடம், பத்து வருடம் என்று போட்டிருந்தாலும் ரப்பரும் வால்வும் பெரும்பாலும் அதில் சேராது. உதிரிபாகம் கிடைக்காத கம்பெனியின் குக்கர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. அரை லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். வெளிமூடியாக இருந்தால் குழாயிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்த பிறகே வெயிட்டைப் போடுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் அழுத்தம் ஒரு கிலோ காட்டினாலும் வெப்பம் 120 டிகிரிக்கு வராது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிடம் விட்டு, அணைத்து, தானாக அழுத்தம் இறங்கவிட்டுத் தண்ணீரை மீண்டும் அளங்கள். அந்த அளவைத் தேதி போட்டு விவரத் தாளில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அடுப்பில் அதே சோதனையைச் செய்யும்போது மிச்சத் தண்ணீர் கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ ஆவி ஒழுகுகிறது. முதலில் கேஸ்கட்டை மாற்றிப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் விளிம்பையும் பற்களையும் பாருங்கள்.

ஐந்து லிட்டர் என்பது விளிம்புவரை உள்ள அளவு. சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 லிட்டர்தான். நுரைக்கும் பருப்புக்கும் பொங்கும் அரிசிக்கும் பாதியோடு நிறுத்த வேண்டும். கூட்டினால் நுரை ஆவிக் குழாயில் ஏறும். குக்கரில் நேரும் பல விபரீதங்களின் தொடக்கம் அந்த அடைப்புதான்.

சாதமும் பருப்பும் அடுக்கில் வைக்கும் வீட்டுக்குக் கனமான அடியுள்ள வெளிமூடி அலுமினியம் நல்ல தேர்வு. காசுக்கு அதிகம் உழைப்பதும் அதுதான். குழம்பு, குருமா, பிரியாணி என்று நேரடியாகச் சமைப்பவர்கள் உள்மூடி ஹார்டு அனோடைஸ்டு எடுக்கலாம், இண்டக்‌ஷன் இருந்தால் அதற்கான அடி உள்ளதாகப் பார்த்து. புளிப்பும் உப்பும் தினமும் நேரடியாகப் புழங்கும், வாங்கும் வசதியும் உள்ள வீட்டுக்கு ட்ரைப்ளை எவர்சில்வர். ஒட்டுத்தட்டு அடியுள்ள மலிவு எவர்சில்வரை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதன் பளபளப்பு நிற்கும், அடி நிற்காது.

முத்திரை போலி என்று தெரிந்தால் பில்லோடு பி.ஐ.எஸ். கேர் செயலியிலேயே புகார் கொடுக்கலாம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பற்கள் தேய்ந்த, விளிம்பு நெளிந்த, அடி உப்பிய குக்கரை வீட்டு வேலைக்கு வருபவருக்கோ ஊருக்கோ கொடுத்துவிடாதீர்கள். பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடுங்கள். போடும் முன் வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் கழற்றி எடுத்துவிட்டு, மூடியின் விளிம்பைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நெளித்துவிடுங்கள்.